அபி (நிகழ்பட விளையாட்டு இயக்குநர்)

அபி, கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தமிழ் நிகழ்பட விளையாட்டு இயக்குநர், வடிவமைப்பாளர். இவர் இயக்கிய ‘வெண்பா’ 31 ஜூலை 2023 அன்று வெளியானது. இது கதைசார் சமையல் புதிர் வகையைச் சேர்ந்தது.

கதைக்களம்: 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்க்கை.

ஆட்டமுறை: வெண்பாவின் தாயின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும் விதம், புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் இடும் வரிசை ஆகியவை புதிர்களாகின்றன.

தாக்கங்கள்: புலம்பெயர் குடும்ப அனுபவம், தமிழர் சமையல், தமிழ்த் திரையிசை.

விருதுகள் (2024): சுயாதீன விளையாட்டு விழாவின் சீமஸ் மக்னாலி பெரும்பரிசு, பாஃப்டா சிறந்த அறிமுக விளையாட்டு விருது.