பேசினால் நிற்கும் கால்கள்: ஓர் ஆய்வின் வரலாறு

நடை என்பது நெடுங்காலம் தசை, மூட்டு, சமநிலை ஆகியவற்றின் செயலாகவே பெரிதும் கருதப்பட்டது. அக்கருத்தை அசைத்தது 1997இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை. சுவீடனின் உமியோ நகரில் லில்லிமோர் லுண்டின்-ஓல்சனும் உடனாய்வாளர்களும், பராமரிப்புக் குடியிருப்புகளில் வாழ்ந்த 58 முதியோரிடம் உடன் நடந்தவாறே பேச்சுக் கொடுத்துக் கவனித்தனர். பேசுவதற்காக நின்றவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதங்களில் அவர்களுள் 10 பேர் கீழே விழுந்தனர். நிற்காத 46 பேரிலும் 11 பேர் விழுந்தனர். ஆக, நிற்றல் ஓர் எச்சரிக்கை. நிற்காமை பாதுகாப்புக்குச் சான்றன்று.

நியூயார்க்கில் ஜோ வர்கீஸ் குழுவினர், ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நடக்கும் சோதனையை 2002இல் வெளியிட்டனர். அவருடைய பிற்கால ஆய்வுகள் கோழிக்கோட்டு முதியோரையும் உள்ளடக்கின. முதுமையில் நடை தானாக இயங்குவது குறைந்து, கவனத்தை மேலும் கோருகிறது என்பதே இவற்றின் சாரம்.

டெல்லி கோல் மார்க்கெட், 1921இல் சாலை வட்டத்தின் நடுவே எழுந்த பன்னிருபக்க அங்காடி. அரசு ஊழியர் குடியிருப்புகள் சூழ்ந்த அப்பகுதியில் தமிழர் பலர் வாழ்ந்து மூத்தனர். அவ்வட்டத்தைக் கடக்கும் முதியவர், வளைந்து வரும் வண்டியின் வேகத்தைக் கணித்தவாறே அடியெடுத்து வைக்க வேண்டும். ஆய்வுக்கூடம் செயற்கையாக அமைத்த இரட்டைப் பணியை நகரம் அன்றாடம் சுமத்துகிறது. நடுவழியில் தயங்குபவரைக் கவனக்குறைவானவர் என்பது பொருந்தாது. அவரது கவனம் முழுவதும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. முதியோர் விழுதலின் வரலாற்றை, உடலோடு சாலையையும் சேர்த்தே எழுத வேண்டியுள்ளது.