பாராமகால் சாலைகளில் பெரிய சக்கரம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு முன்னதாக அமைந்த குருபரப்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு, சரக்கு லாரிகளின் இடைவிடாத ஓட்டத்திற்கு ஓரமாக, தடித்த டயர்களும் அகன்ற ஹேண்டில்பாரும் கொண்ட உயரமான சைக்கிள்களில் இளைஞர்கள் சிலர் வந்து, ஆறு வழிச்சாலையை விட்டு விலகி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவே செல்லும் மண் பாதையில் இறங்கி மறைவது பழகிப்போன காட்சியாகிவிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிப்காட் தொழிற்சாலைகளில் வாரம் ஆறு நாள் ஷிப்டு பார்ப்பவர்கள். சைக்கிள் அவர்களுக்கு ஜீவனோபாயமன்று, உல்லாசம். அவர்கள் ஏறிவரும் வண்டியை, மலைச்சரிவுகளுக்கென்று அமெரிக்காவில் உண்டாகி நேற்று இங்கு வந்திறங்கிய நூதனப் பொருளாகவே யாவரும் கருதுகின்றனர். என் அபிப்பிராயம் வேறு. இருபத்தொன்பது அங்குலச் சக்கரம் என்று இப்போது விலை கூறப்படும் அந்தச் சாதனத்தின் சாராம்சம், இந்தப் பிரதேசத்தின் கரடுமுரடான பாதைகளில் மூன்று தலைமுறைகள் ஓடித் தேய்ந்த பழைய கறுப்புச் சைக்கிளிடம் முன்பே இருந்தது. இடையில் நாம் அதைக் கைவிட்டோம் என்பதே சரித்திரம்.

பாராமகால் என்று வழங்கிய இந்த நிலம், 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின் பேரில் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாகி, கர்னல் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் நிலவரியை நிர்ணயித்த காலந்தொட்டு, சேலம் ஜில்லாவின் பகுதியாகவே நெடுங்காலம் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. கருங்கல் குன்றுகளும் பாறைத் தரையும் நிறைந்த இந்த நாட்டில், மாட்டு வண்டியின் தடமே பாதை. மழைக்காலத்தில் அதுவும் ஓடையாகிவிடும். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் இரு சமச் சக்கர வண்டியை அமைத்து, 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்ட பிறகு, அவ்வண்டி சென்னைத் துறைமுகத்தின் வழியாக ராஜதானிக்குள் புகுந்தது. முதலில் அது துரைமாருக்கும் உத்தியோகஸ்தருக்கும் உரிய பொருளாக இருந்து, பிறகு தபால்காரரையும் பள்ளி ஆசிரியரையும் எட்டியது. சாமானியனுடைய கைக்கு அது வந்தது சுதந்திரத்திற்குப் பின்னரே. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையை நிறுவி, ஹெர்குலிஸ் வண்டிகளை இங்கேயே செய்யத் தொடங்கியது. வடக்கே சோனிபட்டில் அட்லஸும், லூதியானாவில் 1956 முதல் ஹீரோவும் அந்தப் பணியில் இறங்கின.

இக்கம்பெனிகள் செய்த அந்தக் கறுப்பு வண்டியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். அதன் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் குறுக்களவு 635 மில்லிமீட்டர்; அதன்மேல் ஒன்றரை அங்குல டயர் ஏறியதும் முழுச் சக்கரம் சுமார் 71 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய் நிமிர்ந்து நில்லாமல் நன்றாகப் பின்சாய்ந்திருக்கும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் முன்னோக்கி வளைந்திருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் தாராளமாக விடப்பட்டிருக்கும். இவையெல்லாம் அலங்காரத்திற்காக ஏற்பட்டவையல்ல. தார் காணாத சாலையில் ஓடவேண்டிய வண்டி என்பதை அறிந்த கம்மியர்கள், கல்லில் மோதும் அதிர்ச்சி ஓட்டுபவனுடைய தோள்வரை ஏறாதபடி அந்த வளைவுகளையும் சாய்வுகளையும் நிர்ணயித்தார்கள். கல் ஒன்று குறுக்கே கிடந்தால், சிறிய சக்கரம் அதைச் செங்குத்தான படியாக எதிர்கொண்டு முட்டி நிற்கும். பெரிய சக்கரமோ அதைச் சாய்ந்த மேடாக எதிர்கொண்டு, வேகம் அதிகம் குன்றாமல் ஏறி இறங்கிவிடும். பள்ளத்திலும் அவ்வாறே, சிறியது விழும் குழியில் பெரியது அதைவிடக் குறைவாகவே இறங்கும். கேரியரில் மல்பெரித் தழைக்கட்டையும், பாரில் பிள்ளையையும், ஹேண்டில்பாரின் இருபுறமும் பால் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு இந்த நாட்டுக் குடியானவன் பயணம் செய்ய முடிந்ததற்கு, அவனுடைய கால்வலிமையோடு இந்தக் கணிதமும் காரணம்.

வண்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு வாடகைக் கடைகள் இருந்தன. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிய சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். தெரிந்த முகமாக இருந்தால் நோட்டுப் புத்தகத்தில் பெயரும் நேரமும் குறித்துக்கொண்டு கடைக்காரர் வண்டியைத் தருவார். பாருக்கு மேல் கால் எட்டாத சிறுவர்கள், முக்கோணத்தின் ஊடே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே கற்றனர். பஞ்சரானால், டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அங்குலம் அங்குலமாக அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, அரத்தால் தேய்த்து ஒட்டுப் போடுவார் கடைக்காரர். பழசாகிப்போன வால்டியூபை மாற்றுவதற்குச் சில பைசாக்களே ஆகும். இரவில் விளக்கில்லாமல் சென்றால் போலீஸ்காரர் பிடிப்பார். உள்ளாட்சி மன்றத்திற்கு வரி கட்டி வில்லை வாங்க வேண்டிய ஊர்களும் உண்டு. ஓட்டுபவன், பழுது பார்ப்பவன், அதிகாரி ஆகிய மூவரும் ஒரே வண்டியைச் சுற்றி வாழ்ந்த அந்த ஏற்பாட்டை, இன்றைய விளையாட்டுச் சைக்கிள் இன்னும் அடையவில்லை.

அந்த ஏற்பாடு குலைந்ததற்கும் இந்தப் பிரதேசமே சாட்சி. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. அங்கே 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் மொபெட், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதிக்காமலே போயிற்று. பெருஞ்சுமையையும் தூரத்தையும் அது மேற்கொண்டபோது, கறுப்புச் சைக்கிள் வயதானவர்களின் வாகனமாகச் சுருங்கிற்று. இளைஞர்களுக்கென்று ஹீரோ ரேஞ்சர் முதலான புது வடிவ வண்டிகள் வந்தன. வர்ணமும் முரட்டு டயரும் மனத்தைக் கவர்ந்தனவாயினும், அவற்றின் சக்கரம் இருபத்தாறு அங்குலமாகக் குறுகிவிட்டது. மேல்நிலைப் பள்ளி மாணவியருக்குத் தமிழ்நாட்டு அரசு விலையின்றி சைக்கிள் வழங்கும் திட்டம் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியரிடமிருந்து தொடங்கி, பின்னர் மாணவர்கள் யாவருக்கும் விரிந்தது. கிராமத்துத் தெருக்களில் சைக்கிள் அடியோடு அற்றுப்போகாமல் காத்த பெருமை அத்திட்டத்தையே சாரும்.

ரேஞ்சர் முதலான வண்டிகளின் அந்த இருபத்தாறு அங்குலம் என்ற அளவு எவ்வாறு ஏற்பட்டது என்பது சுவையான வரலாறு. கலிபோர்னியாவில் மரின் மாவட்டத்து ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21இல் இளைஞர் சிலர் மலைப்பாதையில் சைக்கிளை இறக்கி ஒரு பந்தயம் நடத்தினர். வண்டிகளோ, ஸ்வின் கம்பெனி முற்காலத்தில் சிறுவருக்காகச் செய்த பருத்த டயர்ப் பழம் சைக்கிள்கள். இறக்கத்தில் பின்சக்கரத்து பிரேக் கொதித்து அதிலுள்ள கிரீஸ் புகையாகிவிட, ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்பும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால், அந்தப் பாதைக்கு ரீபேக் என்றே பெயர் வழங்கிற்று. அங்கே கிடைத்த பருத்த டயர் இருபத்தாறு அங்குல ரிம்முக்கே உரியதாக இருந்தது. எனவே 1977இல் ஜோ பிரீஸ் மலைக்கென்று தனியாக ஒரு பிரேமைச் சமைத்தபோதும், 1979இல் கேரி ஃபிஷரும் சார்லஸ் கெல்லியும் கம்பெனி தொடங்கியபோதும், 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்னும் மலைச் சைக்கிள் பெருமளவில் சந்தைக்கு வந்தபோதும், அந்த அளவே நியதியாகிவிட்டது. அது ஆராய்ந்து தேர்ந்த அளவன்று. அகப்பட்ட பொருள் வகுத்த அளவு. சுமார் இருபதாண்டுகளுக்குப் பின், 1999இல் சாலைச் சைக்கிளின் 622 மில்லிமீட்டர் ரிம்முக்குப் பொருந்தும் பருத்த மலை டயர் ஒன்று வெளிவந்த பிறகே இருபத்தொன்பது அங்குலப் பெரிய சக்கரத்திற்கு வழி திறந்தது. கம்பெனிகள் தயங்கின, பந்தய வீரர்கள் நகைத்தனர். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி பெரிய சக்கர வண்டியில் தங்கம் வென்றதும் வாதம் பெரும்பாலும் அடங்கிற்று.

இப்போது அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய வண்டியின் ரிம் 622, நம் கறுப்புச் சைக்கிளின் ரிம் 635. டயருடன் சேர்த்தால் புதியது ஏறத்தாழ 73 சென்டிமீட்டர், பழையது 71. ஹேண்டில்பார்க் குழாயின் பின்சாய்வையும் சக்கரங்களின் இடைவெளியையும் புதிய மலைச் சைக்கிள்கள் படிப்படியாக அதிகரித்து வந்துள்ளன. அந்த வழியிலும் அவை நம் தாத்தாவின் வண்டியையே நெருங்குகின்றன. பருத்த டயரும், டிஸ்க் பிரேக்கும், கியரும் மெய்யான அபிவிருத்திகள் என்பதில் ஐயமில்லை. சக்கரத்தின் உயரமோ மீட்சி.

பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இருபத்தொன்பது அங்குல வண்டியை வாங்க எண்ணுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லத் தோன்றுகிறது. 2025 செப்டம்பரில் சைக்கிளின்மீது ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது உபகாரமே. இந்த விலையில் பிரேம் பெரும்பாலும் எஃகு. கனம் உண்டு, அதைக் குறையென்று எண்ண வேண்டாம். முன்னால் பொருத்திய ஸ்பிரிங் போர்க் கண்ணுக்குக் கம்பீரமாயினும், மலிவு வண்டியில் அது பாரத்தைக் கூட்டும் அளவுக்கு அதிர்ச்சியைக் குறைப்பதில்லை. பெரிய சக்கரமும் பருத்த டயரும் அந்த வேலையைச் சிக்கனமாகச் செய்துவிடும். ஆகவே ஸ்பிரிங் இல்லாத நேர் போர்க்கும், நல்ல பிரேக்கும், உறுதியான ரிம்மும் உள்ளதையே தேர்வது விவேகம். உயரம் குறைந்தவர்கள் காலூன்றி நின்று பார்க்காமல் வாங்கலாகாது. பழைய சைக்கிளின் டியூப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். புதிய வண்டியின் டியூப் கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ போனால்தான் கிடைக்கும் என்பதால் ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். இதன் வால்வு பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வால்வின் இனமேயாதலால், நெடுஞ்சாலையோரத்து லாரி டயர்க் கடையில் காற்று அடித்துக்கொள்ளலாம் என்பது ஒரு சௌகரியம்.

ஓட்டிப் பார்க்க ஏரிக்கரைகளும், தென்பெண்ணையில் காமராஜர் காலத்தில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணைப் பக்கத்து மண் சாலைகளும் போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது குற்றம். மழைக்காலத்தின் பிற்பகுதியில் பன்னேர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர்ப் பக்கம் இறங்கும் பருவத்தில், விடியுமுன் தனியே செல்வது உயிருக்கு அபாயமும் ஆகும்.

சைக்கிள் செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய சக்கரத்தைத் திருப்பித் தந்தீர்கள். கேரியர் பொருத்தத் துளைகளையும், மட்கார்டையும், ஸ்டாண்டையும் சேர்த்துத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்திற்கு வாங்கிய வண்டி திங்கட்கிழமை ஷிப்டுக்கும், செவ்வாய்க்கிழமை சந்தைக்கும் போக வேண்டும். குருபரப்பள்ளியைப் போன்ற ஊர்களில் இன்னும் எஞ்சியிருக்கும் சைக்கிள் கடைக்காரர்களுக்கு இந்த வண்டியின் டிஸ்க்கையும் கியரையும் சீர்செய்யும் பயிற்சியை அளிப்பதும், உதிரிச் சாமான்களை அவர்கள் கடைவரை கொண்டுசேர்ப்பதும் உங்கள் கடமை.