சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடுமா?

“கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே வழக்கு? வாங்காதே!” யாரோ சொல்லிக்கொடுத்த இந்தப் பாடம் நம் குடும்பங்களில் இன்னும் நடமாடுகிறது. பாகப்பிரிவினையோ ஜீவனாம்சமோ, தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிறகு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்து வாசலில் நிற்கிறது.

சம்மன் உரியவருக்குச் சேர்ப்பிக்கப்பட்டதை நீதிமன்றத்தில் ‘சார்வு’ என்பார்கள். அதை நிரூபிக்க உங்கள் கையெழுத்து கட்டாயமில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5, விதி 9-இன்படி, பதிவுத் தபால் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பினால் சார்வு ஆனதாகவே நீதிமன்றம் அறிவிக்கும். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய தபாலின் ஒப்புகை அட்டை 30 நாட்களுக்குள் வராவிட்டாலும் அப்படியே.

அமீனா நேரில் வந்து நீங்கள் மறுத்தால், நகலை வீட்டுக் கதவில் ஒட்டலாம். ஆனால் ஒட்டிவிட்டுப் போனால் மட்டும் போதாது. என்ன சூழலில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று எழுதித் தர வேண்டும் (விதி 17). அந்த அறிக்கையோடு பிரமாண வாக்குமூலம் இல்லையென்றால் நீதிமன்றம் அமீனாவை விசாரித்தே ஆக வேண்டும் (விதி 19). வீட்டுப் பக்கமே வராமல் “ஒட்டினேன்” என்று எழுதினால் அது வெளிப்படும் இடம் இதுதான்.

ஆண்கள் இல்லாத நேரத்தில் வீட்டுப் பெண்கள் வாங்கினால் செல்லுமா? உரிமையியல் வழக்கில், அவரைச் சந்திக்க வாய்ப்பில்லாதபோது, அவரோடு வசிக்கும் வயதுவந்த பெண்ணிடம் கொடுப்பதை 1976-ஆம் ஆண்டுத் திருத்தமே ஏற்றுக்கொண்டது. வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ‘ஆண் உறுப்பினர்’ என்றது. 1.7.2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 66-இல் ‘ஆண்’ என்ற சொல் இல்லை. ஜீவனாம்ச மனுக்கள் இந்தச் சட்டத்தின் பிரிவு 144-இல்தான் வருகின்றன என்பதால் இது நமக்கு முக்கியம்.

வளைகுடாவில் இருப்பவர் விஷயம் வேறு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு உரிமையியல் சம்மனை அந்த நாட்டு முகவரிக்கே அனுப்ப விதி 25 இருக்கிறது. ஊர் முகவரியில் சார்வு ஆனதாகக் காட்டப்பட்டால், அவர் அப்போது எங்கே வசித்தார் என்பதே கேள்வி. இகாமாவும் பாஸ்போர்ட் முத்திரைகளும் அதற்கு நல்ல சான்று.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாட்கள். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்கள். ஜீவனாம்ச உத்தரவுக்கு மூன்று மாதம். ஆனால் வாய்தா தேதி உங்களுக்குத் தெரிந்திருந்து, ஆஜராகப் போதிய அவகாசமும் இருந்திருந்தால், சார்வில் உள்ள சிறு குறையை மட்டும் காட்டி உரிமையியல் தீர்ப்பை நீக்க முடியாது. “ஜமாஅத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று வாய்தாவைத் தவறவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சார்வில் சந்தேகம் இருந்தால், வழக்கறிஞர் மூலம் முதலில் அமீனாவின் அறிக்கைக்கும் தபால் உறைக்கும் நகல் மனு போடுங்கள். முகவரி, தேதி, சாட்சிகளின் பெயர் ஆகியவற்றை வைத்துத்தான் நீக்க மனுவையே எழுத முடியும்.