யூடியூபில் விழாக்களை நேரலை செய்வது எப்படி? முன்கூட்டியே அறிய வேண்டியவை

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் தமிழ்ப் பெண்கள் திரளாகக் கூடிப் பொங்கலிடுவது வழக்கம். இத்தகைய விழாவைச் சொந்த ஊரில் உள்ள உறவினர்களும் அதே நேரத்தில் காண யூடியூப் நேரலை உதவுகிறது. பொங்கும் தருணத்தை மீண்டும் நிகழ்த்த இயலாது என்பதால், முந்தைய நாளே ஆயத்தமாவது அவசியம்.

அனுமதி: தொலைபேசி எண் மூலம் சேனலைச் சரிபார்க்க வேண்டும். முதன்முறை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். செல்பேசி செயலி வழியே ஒளிபரப்பக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் தேவை. கணினியில் வெப்கேம் அல்லது ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் ஒளிபரப்ப இந்த நிபந்தனை இல்லை. 2025 ஜூலை 22 முதல், 16 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையின்றி நேரலை செய்ய இயலாது.

இணையம்: பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகமே முக்கியம். 720பி தரத்தில் ஒளிபரப்ப நொடிக்கு சுமார் 4 மெகாபிட் தேவைப்படும். 5 மெகாபிட்டுக்கு மேல் கிடைப்பது பாதுகாப்பானது. கூட்டம் மிகுந்த இடத்தில் பலரும் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்துவதால் செல்பேசி இணையம் தடுமாறும். அருகிலுள்ள வீடு அல்லது கடையின் பிராட்பேண்ட் இணைப்பை கேபிள் மூலம் பெறுவது நல்லது.

ஒலி: மாட்டுங்கா, செம்பூர் சபாக்களில் நடப்பது போன்ற இசைக் கச்சேரிகளுக்கு, மிக்சரிலிருந்து நேரடியாக ஒலியை எடுப்பதே தெளிவைத் தரும்.

பதிப்புரிமை: ஒலிபெருக்கியில் திரைப்படப் பாடல் ஒலித்தால் யூடியூபின் தானியங்கி அமைப்பு அதைக் கண்டறிந்து எச்சரிக்கலாம், நேரலையையே நிறுத்தவும் கூடும்.

ஒத்திகை: இணைப்பு உள்ளவர்கள் மட்டும் காணும் 'அன்லிஸ்டட்' முறையில், விழா நடக்கும் இடத்திலிருந்தே சோதிக்கலாம். 12 மணி நேரத்துக்குட்பட்ட நேரலைகள் சேனலில் தானாகவே சேமிக்கப்படும்.