ஒரே ஒரு முழங்கால்... 30 வயதில் முடிந்துபோன ஐஸ் ஹாக்கி சகாப்தம்!

ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்தபடி காற்றில் கிடைமட்டமாக மிதக்கிறார். வாய் நிறைய சந்தோஷம். 1970, மே 10-ம் தேதி, பாஸ்டனில் ரே லூசியர் எடுத்த படம் இது. மிதப்பவர் பாபி ஆர். கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடிகள்தான் ஆகியிருந்தன. கோல் போட்ட அதே நொடியில் எதிரணி வீரர் காலை இடறிவிட, மனுஷன் பறந்துட்டார். அந்த கோலால் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு 29 வருடங்களுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை கிடைத்தது.

இதில் என்ன ஸ்பெஷல் என்கிறீர்களா? பாபி ஆர் ஒரு டிஃபென்ஸ்மேன். அதாவது, கோல் விடாமல் தடுக்க வேண்டிய ஆள்!

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஆறு பேர். ஒரு கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ்மேன், மூன்று ஃபார்வர்டு. எதிரணி வந்தால் உடம்பால் மோதி நிறுத்துவது, 'பக்' எனும் ரப்பர் வில்லையைப் பிடுங்கி முன்னால் இருப்பவரிடம் தள்ளிவிடுவது... டிஃபென்ஸ்மேனின் வேலை பெரும்பாலும் அவ்வளவுதான். 1966-ல், 18 வயதில் கனடாவின் பாரி சவுண்டிலிருந்து வந்த இந்தப் பையன் மட்டும் வில்லையைத் தள்ளிவிடவில்லை. தானே எடுத்துக்கொண்டு எதிரணி கோல் வரை போனான்.

ரிசல்ட் எப்படின்னு பாருங்க. தொடர்ந்து 8 வருடங்கள் லீகின் சிறந்த டிஃபென்ஸ்மேன் விருது. அதிகப் புள்ளிகள் எடுப்பவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பை இரண்டு முறை. இன்றுவரை வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் அதை வாங்கியதில்லை. 1970-71 சீஸனில் அவர் எடுத்த 139 புள்ளிகளையும் வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் தாண்டவில்லை.

ஆனால், அந்த ஸ்டைலுக்கு ஒரு விலை இருந்தது. முழு வேகத்தில் எதிரணிக் கூட்டத்துக்குள் நுழைகிறவரை நிறுத்த ஒரே வழி, மோதுவதுதான். முதல் சீஸனிலேயே இடது முழங்காலில் அடி. அப்புறம் அதே கால், திரும்பத் திரும்ப. ஒரு டஜனுக்கும் மேல் ஆபரேஷன்கள்!

அந்தக் காலத்து சிகிச்சையையும் சொல்லணும். எம்.ஆர்.ஐ ஸ்கேன் கிடையாது. இன்றுபோல சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு சரிசெய்வதும் வழக்கத்துக்கு வரவில்லை. முழங்காலைத் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவில் குஷன் மாதிரி இருப்பது அதுதான். அது போய்விட்டால் எலும்போடு எலும்பு உரசும். இப்போது கிழிசலைத் தைக்க முடியுமா என்றுதான் டாக்டர்கள் முதலில் பார்க்கிறார்கள். டர்ஃபில் ஆடி முட்டி மடங்கி, வீக்கம் இறங்காமல் இருக்கிறதா? 'தானா சரியாகிடும்' என்று அடுத்த மேட்சுக்குக் கிளம்பாதீர்கள் பாஸ்!

1974-75 சீஸனில் 80 போட்டிகள், 46 கோல்கள். அடுத்த சீஸனில் வெறும் 10 போட்டிகள்.

அப்போதுதான் இன்னொரு அடி, இது காலில் விழுந்ததல்ல. ஒப்பந்தங்களைக் கவனித்துக்கொண்டவர் ஏஜென்ட் ஆலன் ஈகிள்சன். பாபி அவரை அண்ணன் மாதிரி நம்பினார். 'அணியிலேயே 18.5 சதவிகிதம் பங்கு தருகிறோம்' என்று பாஸ்டன் நிர்வாகம் சொன்னதை ஈகிள்சன் பாபியிடம் சொல்லவில்லை. 'இவர்களுக்கு நீ வேண்டாம்போல' என்ற எண்ணத்தோடு பாபி சிகாகோவுக்குப் போனார். உண்மை பிறகுதான் தெரிந்தது. ஓய்வு பெற்றபோது கையில் சொல்லிக்கொள்ளும்படி சேமிப்பும் இல்லை. ஈகிள்சன் 1998-ல் வேறு மோசடி வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனது தனிக்கதை.

1976-ல் கனடா கோப்பை. 1972-ல் சோவியத்துக்கு எதிரான புகழ்பெற்ற தொடரில் முழங்காலால் ஆட முடியாமல்போன ஏக்கம் அவருக்கு இருந்தது. இந்த முறை விடவில்லை. காலையில் நடக்கவே சிரமப்பட்டவர், ராத்திரி மேட்சில் கலக்கினார் என்று கூட ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கனடா ஜெயித்தது. தொடரின் சிறந்த வீரர் விருது பாபிக்கு. என்னைக் கேட்டால், அந்தப் பறக்கும் போட்டோவைவிட இதுதான் பெரிய கெத்து.

அதற்குப் பிறகு கால் ஒத்துழைக்கவில்லை. சிகாகோவுக்காக மொத்தம் 26 போட்டிகள்தான். ஆடாத காலத்துக்கு வந்த சம்பள செக்குகளை அவர் பேங்கில் போடவே இல்லை. 'ஆடுறதுக்குத்தானே சம்பளம்' என்பது அவர் கணக்கு. 1978-ல், 30 வயதில் ஓய்வு. வழக்கமான காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து, அடுத்த வருடமே அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

பிற்பாடு அவர் எந்த வேலைக்குப் போனார் தெரியுமா? இளம் ஹாக்கி வீரர்களுக்கு ஏஜென்ட்! இன்றைய சூப்பர் ஸ்டார் கானர் மெக்டேவிட்டின் ஒப்பந்த விவகாரங்களைக் கவனித்தது பாபியின் நிறுவனம்தான்.