ஆற்றல் என்று யார் சொன்னது?

1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள், பேரண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போவதைக் கண்டன. ஈர்ப்பு இழுத்துப் பிடிக்கும், வேகம் தணியும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். காரணம் பிடிபடவில்லை, பெயர் மட்டும் அதே ஆண்டில் வந்துவிட்டது. 'கரும் ஆற்றல்' என்று வைத்தவர் சிகாகோ அண்டவியலாளர் மைக்கேல் டர்னர்.

அடைமொழி பழையது. 1933இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணில் படாத நிறை அங்கே மிகுதியாக இருக்க வேண்டும் என்று ஜெர்மன் மொழியில் எழுதினார். அதற்கு அவர் ஆண்ட சொல் 'டுங்க்லே மாட்டேரியே', கரும்பொருள். டர்னர் அந்தக் கருமையை இரவல் வாங்கினார். பொருத்தம் குறைவுதான்: கரிய பொருள் ஒளியை விழுங்கும், இது ஒளிக்கு வழிவிட்டு நிற்கிறது.

போட்டிப் பெயர்களும் இருந்தன. ஐன்ஸ்டைன் 1917இல் சேர்த்து, பின்னர் கைவிட்ட அண்டவியல் மாறிலி மீண்டும் எழுந்தது. இயற்பியலாளர்கள் கால்டுவெல், டேவ், ஸ்டைன்ஹார்ட் மூவரும் கிரேக்கரின் ஐந்தாம் பூதத்தை நினைத்து 'குவின்டெசென்ஸ்' என்றார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விடைக்குப் பெயர். டர்னருடையதோ புதிருக்கே பெயர், அதனால் நிலைத்தது.

புதிருக்கு மட்டுமா? 'ஆற்றல்' என்றதுமே ஏதோ ஒன்று வெளியெங்கும் நிறைந்திருக்கிறது என்று பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அப்படி எதுவுமே இல்லை, பெருந்தொலைவில் ஈர்ப்பு விதிதான் வேறு என்றால்? இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1859இல் புதனின் பாதை பிசகுவதைக் கண்ட வானியலாளர் லெ வெரியே, சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்கலாம் என்றார். அதற்கு 'வல்கன்' என்று பெயர்கூட வைத்தாயிற்று. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பையே திருத்தியதும் அந்தக் கோளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

2003இல் நான்கு பேர் அதே வழியில் இறங்கினார்கள். வெளியின் வளைவு மிகவும் குறைந்த பிறகே தலைதூக்கும் ஓர் உறுப்பை ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் சேர்த்தால், கரும் ஆற்றல் இல்லாமலே விரிவு வேகமெடுக்கும் என்று காட்டினார்கள். அந்த நால்வரில் ஒருவர் டர்னர்!

அவர்களுடைய எளிய வடிவம் சூரியக் குடும்ப அளவீடுகளோடு ஒத்துவரவில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் பிறந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் சுமார் 13 கோடி ஒளியாண்டு கடந்து 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. இரண்டின் வேகமும் வேறுபடும் என்ற மாற்றுக் கோட்பாடுகள் பல அன்றோடு அடிபட்டன.

தப்பியவற்றில் வேலை செய்பவர்கள், கூடுதல் ஈர்ப்பு உறுப்புகளையெல்லாம் ஈர்ப்புச் சமன்பாட்டின் மறுபக்கத்துக்கு, பொருளும் ஆற்றலும் நிற்கும் பக்கத்துக்குத் தள்ளி எழுதுவதுண்டு. கணக்குக்கு வசதி. அந்த மூட்டைக்கு அவர்களே இட்ட பெயர், 'பயனுறு கரும் ஆற்றல்'.