டெப்ரா பெப்ளர்

டெப்ரா பெப்ளர் கனடா நாட்டு உளவியலாளர். டொரான்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவது உறவில் எழும் சிக்கல், அதைத் தீர்க்கும் வழியும் உறவுகளைச் சீராக்குவதுதான் என்பது இவரது ஆய்வுகளின் மையக் கருத்து.

மைதான ஆய்வுகள்

ஆசிரியர் பக்கத்தில் வந்தாலே வம்பு அடங்கிவிடும். ஆகவே 1990களில் பெப்ளரும் சக ஆய்வாளர் வெண்டி கிரெய்க்கும் பிள்ளைகளுக்குக் கம்பியில்லா ஒலிவாங்கிகளை அணிவித்து, அவர்கள் விளையாடுவதைத் தொலைவிலிருந்து வீடியோ எடுத்தார்கள். 1997இல் வெளியான முடிவுகளின்படி, மைதானத்தில் சுமார் 7 நிமிடங்களுக்கு ஒருமுறை துன்புறுத்தல் நடந்தது. ஒவ்வொன்றும் சராசரியாக 38 விநாடிகளே நீடித்தது. பெரியவர்கள் தலையிட்டது 4 விழுக்காடு நிகழ்வுகளில் மட்டுமே.

பெரும்பாலான நிகழ்வுகளில் மற்றப் பிள்ளைகள் சூழ நின்றார்கள். அவர்கள் பாதிக்கும் மேற்பட்ட நேரம் வெறுமனே வேடிக்கை பார்த்தார்கள் என்றும், சுமார் கால்பங்கு நேரமே தாக்கப்பட்டவருக்குத் துணைநின்றார்கள் என்றும் 1999ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. வேடிக்கை பார்ப்பதும் வம்பு செய்பவருக்கு ஊக்கம் தருகிறது. ஆனால் ஒரு பிள்ளை துணிந்து குறுக்கிட்டபோது, 57 விழுக்காடு வேளைகளில் 10 விநாடிகளுக்குள் துன்புறுத்தல் நின்றது என 2001இல் தெரியவந்தது. சக மாணவரின் ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இது கண்கூடான சான்று.

வளரிளம் பருவ உறவுகள்

பிறரைத் துன்புறுத்தும் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே காதல் உறவுகளைத் தொடங்குகிறார்கள். அந்த உறவுகளிலும் வன்முறை கூடுதலாக இருக்கிறது என்று ஜெனிஃபர் கானலி முதலியோருடன் 2000இல் எழுதிய கட்டுரை கூறியது. 10 முதல் 17 வயது வரையிலான 871 மாணவர்களைப் பற்றிய 2008ஆம் ஆண்டு ஆய்வில், சுமார் 10 விழுக்காட்டினரிடம் பிறரைத் துன்புறுத்தும் பழக்கம் தொடர்ந்து மிகுதியாகவே இருந்தது. பெற்றோருடன் பூசலும் நம்பிக்கைக் குறைவும் இவர்களிடம் அதிகம். அதிகாரத்தை வன்மையாகப் பயன்படுத்தச் சிறுவயதில் கற்ற பிள்ளை, திருத்தப்படாவிட்டால் அதே பழக்கத்தோடு அடுத்த உறவுக்குள் நுழைகிறது.

தடுப்புப் பணி

பெப்ளரும் கிரெய்க்கும் 2006இல் பிரெவ்நெட் என்ற கனடிய வலையமைப்பை நிறுவி, ஆய்வாளர்களையும் சிறார் நல அமைப்புகளையும் இணைத்தார்கள். தண்டனை மட்டும் போதாது என்பது இவர்களின் நிலைப்பாடு. துன்புறுத்தும் பிள்ளைக்குப் பிறர் வலியை உணரவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் பயிற்சி தேவை. துன்புறும் பிள்ளைக்கு நட்பும் பாதுகாப்பும் தேவை. எடுத்துக்காட்டாக, வகுப்பில் குழு பிரிக்கும்போது பிள்ளைகளையே ஆள் தேர்வு செய்யவிட்டால், ஒதுக்கப்பட்ட பிள்ளை கடைசிவரை நிற்க நேரிடும். ஆசிரியரே பிரித்தால் அந்த அவமானம் நேராது. இத்தகைய சிறு ஏற்பாடுகளைத் திட்டமிட்டுச் செய்வது பெரியவர்களின் பொறுப்பு என்று பெப்ளர் வலியுறுத்துகிறார்.